நோயாளி 'அ'வும் ரோஜாச் செடியும்

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள்: ஓய்வு பெற்ற கங்காணி ஆண்டியப்பன், அவர் மனைவி பேச்சியம்மா, மகன் லோஜன், மகள் ஜெயந்தினி. சுவருக்கு அந்தப் பக்கம் மூக்கனும் அவர் சம்சாரமும். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரையைத் தொடுவதில்லை. தொட வேண்டும் என்று கட்டிய வெள்ளைக்காரனுக்கும் தோன்றவில்லை, பிறகு வந்தவர்களுக்கும் தோன்றவில்லை. ஆகவே மூக்கனையும் அவர் சம்சாரத்தையும் இருந்தவர்கள் கணக்கில் சேர்ப்பதுதான் முறை.

நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில், பன்னிரண்டு வீட்டு லயத்தில், முதுகு வளையாமல் நடக்கிற ஒரே மனிதர் ஆண்டியப்பன். முப்பது வருஷம் பெரட்டுக் களத்தில் காலை வெயிலுக்கு முன்னால் நின்று, வேலைக்கு வந்த ஆட்களின் பெயர் கூப்பிட்டவர். கூப்பிட்டால் அடுத்த மலையிலிருந்து பதில் வரும். வேலை போய் ஏழு வருஷமாகியும் குரல் போகவில்லை.

அவருக்கு இந்த வாரம் இரண்டு கவலை.

ஒன்று, லோஜனுக்கு டயகமவில் பார்த்திருக்கும் பெண். பெண்ணின் தகப்பனார் சின்னத்தம்பி போனில் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, “வீட்டுல யாருக்கும் வியாதி வெக்கை உண்டுங்களா?” என்று கேட்டார். “எங்க பரம்பரையில தலைவலிகூட கெடையாதுங்க” என்று ஆண்டியப்பன் சொல்லியிருந்தார். நாளை ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருகிறார்கள்.

மற்றது ஜெயந்தினி. தாதியர் கல்லூரியில் இரண்டாம் வருஷம். போன தடவை ஒரு பாடத்தில் தவறிவிட்டாள். திங்கட்கிழமை அதே பாடத்தை மறுபடி எழுதுகிறாள். இந்த முறையும் தவறினால் இடம் போய்விடும். படிக்கத்தான் இரண்டு வாரம் வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

வந்தவள் படிக்கிற மாதிரியே தெரியவில்லை என்பதுதான் சிக்கல்.

அடுப்படிச் சுவரில் ஒரு கால அட்டவணை ஒட்டியிருந்தாள். இருபத்தைந்து நிமிஷம் படிப்பு, ஐந்து நிமிஷம் நடை. பழைய அலாரம் மணிக்கூடு ஒன்று அதற்குக் காவல். போனை அணைத்து அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டாள். தண்ணீர்ப் போத்தலில் கோடு கிழித்து, இத்தனை மணிக்கு இந்தக் கோடு என்று குடித்தாள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிஷம் தூக்கம். இரவு ஒன்பதரைக்குப் படுக்கை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை, நாலு மணிக்கு மேல் தேத்தண்ணி வேண்டாம், தூக்கம் கெடும் என்கிறாள். இதை வெளியில் சொல்ல முடியுமா?

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். சத்தம் இல்லை என்பதைத்தான் ஆண்டியப்பனால் பொறுக்க முடியவில்லை. அந்த லயத்தில் படிப்பு என்றால் காதில் விழ வேண்டும். லோஜன் ஏ.எல். எழுதிய வருஷம், காலை நாலு மணிக்கு அவன் வரலாறு கத்துவான், தொங்கலில் இருக்கும் கடைசி வீட்டிலிருந்து ஒரு பெண் விஞ்ஞானம் கத்துவாள், நடு வீட்டில் ஒருவன் கணக்குச் சூத்திரம் கத்துவான். பெற்றவர்கள் படுத்தபடியே யார் பிள்ளை உருப்படும் என்று தீர்மானிப்பார்கள்.

நேற்று மாலை மூக்கன் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்து, சுற்றி வளைத்துக் கேட்டுவிட்டார்.

“அண்ணே, கேக்குறேன்னு கோவிச்சுக்காதீங்க. புள்ள வந்து ரெண்டு வாரமாச்சு, படிக்கிற சத்தமே காணோம். பகல்ல தூங்குது. காலையில ரோட்டுல நடக்குது. மலையில பொம்பளைங்க பேசிக்கிறாங்க, காலேஜ்ல இருந்து அனுப்பிட்டாங்களாம்ல?”

ஆண்டியப்பனுக்கு இரவு கண் மூடவில்லை.

அதனால்தான் இன்று காலை விடிந்தும் விடியாததுமாக மகள் முன்னால் போய் நின்றார்.

“சத்தமா படி, புள்ள.”

“சத்தமா படிச்சா வாய் மட்டும்தாம்பா படிக்கும். நான் கொப்பிய மூடி வச்சிட்டு வெறும் தாள்ல எழுதிப் பாக்குறேன். எது ஞாபகம் வரலையோ அத மட்டும் திரும்பப் படிக்கிறேன்.”

“அது லயத்துக்குக் கேக்குமா?”

“லயமாப்பா பரீட்சை எழுதப் போகுது?”

அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த பேச்சியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஜெயந்தினி சப்பாத்துக் கயிற்றைக் கட்டினாள்.

“அரை மணி நேரம் நடந்துட்டு வாறேன். அப்பா, அந்தக் கையெழுத்து. இன்னைக்குக் கட்டாயம் வேணும். நாளைக்கு மொத பஸ்ஸுல நான் போகணும்.”

“வாசிக்காம இந்த ஆண்டியப்பன் எதுலயும் கையெழுத்து வச்சதில்ல. பாத்துட்டுப் போடுறேன்.”

கையெழுத்து ஒரு கோப்புக்கு. ஒவ்வொரு மாணவியும் ஒரு நோயாளியைக் கவனித்து எழுதிக் கொடுக்க வேண்டும். கோப்பு முறையாக இல்லாவிட்டால் திங்கட்கிழமை மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். கேட்பது தகப்பன் கையெழுத்து என்று ஆண்டியப்பன் நினைத்திருந்தார். அவளும் மறுத்துச் சொல்லவில்லை.

அவள் போன பிறகு மேசைமேல் அவளுடைய கொப்பி இருந்தது. எதையும் முதலில் தமிழில் எழுதித் தெளிவாக்கிக்கொண்டு, பிறகு இங்கிலீஷுக்கு மாற்றுவது அவள் வழக்கம். ஆண்டியப்பன் திறந்து பார்த்தார். நல்ல தமிழ், குண்டு எழுத்து.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. வீட்டில் படிப்புச் சத்தம் கேட்க வேண்டும், அவ்வளவுதானே? யார் படித்தால் என்ன?

கதிரையை இஸ்தோப்புக்கு இழுத்துப் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, பெரட்டுக் குரலை எடுத்தார்.

“நோயாளி அ! ஆண்! வயது அறுபத்தேழு! தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்!”

லயம் விழித்துக்கொண்டது. மூக்கன் வீட்டில் அடுப்பு ஊதும் சத்தம் நின்றது. ஆண்டியப்பனுக்கு மனசு குளிர்ந்தது.

“உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்! கடைசியாக அளந்தபோது நூற்று எண்பத்தாறுக்கு நூற்றெட்டு! இப்படியே விட்டால் பக்கவாதம் வர இடமுண்டு!” வாசிப்பை நிறுத்தி, “பாவம், யார் பெத்த புள்ளையோ,” என்று சொந்தக் கருத்தும் சொன்னார்.

“ஏங்க,” என்றாள் பேச்சியம்மா உள்ளேயிருந்து. “போதும், உள்ள வாங்க.”

“நீ சும்மா இரு. சோற்றில் கை வைக்கும் முன்பே உப்பைத் தேடுகிறார்! வாரத்தில் நான்கு நாள் கருவாடு! வீட்டில் பொரிக்க மறுத்தால் நோர்வூட்டுக்குப் போய்த் தானே வாங்கி வருகிறார்! வாயக் கட்டத் தெரியாத மனுஷன் போல. கிளினிக்குக்குப் போகும் நாளில், கோயில் கமிட்டிக் கூட்டம் என்று அயலாரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்!”

இந்த இடத்தில் அவருக்கு லேசாக வியர்த்தது. ஆனால் தொடங்கிய பெயரைப் பாதியில் விட்டுப் பழகாத குரல் அது. நிறுத்த நினைப்பதற்குள் அடுத்த வரியும் வெளியே வந்துவிட்டது.

“மாத்திரையை வீட்டார் பார்க்க வாயில் போட்டு, வெளியே வந்து ரோஜாச் செடியின் அடியில் துப்பிவிடுகிறார். ரோஜாச் செடி நன்றாக இருக்கிறது.”

இஸ்தோப்புக்கு முன்னால் ரோஜாச் செடி நின்றது. லயத்திலேயே இருப்பது அந்த ஒரு ரோஜாச் செடிதான். அதில் அன்று ஏழு பூ.

 பிறகு மூக்கனின் குரல் சுவருக்கு மேலாக ஏறி வந்தது.

“அண்ணே! அப்ப போன மாசம் கமிட்டிக் கூட்டம் நடக்கவே இல்லையா? செயலாளர் எனக்கே சொல்லாம கூட்டம் போட்டுட்டீங்கன்னு ஒரு மாசமா உங்ககூட மனசுக்குள்ள சண்ட போட்டுக்கிட்டு இருக்கேன்!”

நாலாவது வீட்டிலிருந்து ஒரு பெண் குரல்: “கங்காணி ஐயா, மாத்திரைய துப்பக் கூடாதுங்க!”

லோஜன் போர்வைக்குள் குலுங்கிக்கொண்டிருந்தான்.

பக்கத்தின் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. எழுதிவிட்டுக் குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தாள். ஆண்டியப்பன் அதைச் சத்தமாக வாசிக்கவில்லை. கொப்பியை மூடினார்.

ஜெயந்தினி திரும்பி வந்தபோது லயமே அவளைப் பார்த்துச் சிரித்தது. இஸ்தோப்பில் அப்பா சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். மடியில் கொப்பி. அவளுக்குப் புரிந்துவிட்டது.

“யாரக் கேட்டு எழுதின?”

“கேட்டா தொரத்தியிருப்பீங்க. இன்னும் குடுக்கலப்பா. உங்க பேரும் இல்ல. நோயாளி சம்மதிச்சுக் கையெழுத்து வச்சாத்தான் குடுக்கலாம்.”

“நான் நோயாளி இல்ல.”

“நூத்தி எண்பத்தாறுப்பா!”

“அது மெஷின்ல கோளாறு. நாளைக்கு டயகமக்காரங்க வாராங்க. வியாதியே இல்லன்னு வாக்கு குடுத்திருக்கேன். அந்த வாக்குக்கு எதிரா நானே கையெழுத்து வைக்கணுமா?”

“வைக்காட்டி திங்கக்கெழம என்னைய உள்ள விடமாட்டாங்க.”

ஆண்டியப்பன் எழுந்தார். வெள்ளைச் சட்டையைப் போட்டு, மேல் பொத்தான்வரை பூட்டி, குடையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினார். பேச்சியம்மா கூடையை முதுகில் மாட்டியபடி, “மத்தியானத்துக்குள்ள நல்ல புத்தி வரட்டும்,” என்று ரோஜாச் செடியிடம் சொல்லிவிட்டுப் பெரட்டுக்குப் போனாள்.

பஸ்ஸில் கண்டக்டர் கிஷாந்த் அவரைக் கண்டதும் முன் சீட்டில் இருந்த இரண்டு பேரையும் எழுப்பினான். “பெரியவருக்கு ஒடம்புக்கு ஏலாது, எடம் குடுங்க.” ஆண்டியப்பன் நோர்வூட் வரைக்கும் கம்பியைப் பிடித்தபடி நின்றே போனார். சீட் காலியாகவே வந்தது. ஒரு வளைவில் தலை சுற்றியது. சீட்டைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

ஜமால்தீன் முதலாளி கடையில் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவர் துணியைக் கீழே போட்டார்.

“கங்காணியாரே! நடந்தா வந்தீங்க?”

“பின்ன பறந்தா வருவாங்க?”

“இல்ல, ஒரு பக்கம் இழுத்துக்கிச்சுன்னாங்க. எந்தப் பக்கம்?”

“முதலாளி, கால் கிலோ கட்டாக் கருவாடு.”

ஜமால்தீன் கருவாட்டுப் பெட்டியை மூடி, மூடிமேல் தன் முழங்கையை ஊன்றினார்.

“மன்னிச்சுக்கங்க. உங்க தோட்டத்துல இருந்து என் சம்சாரம் றுக்கையாவுக்கு போன் வந்து, றுக்கையா எனக்கு போன் போட்டுட்டா. உங்களுக்குக் கருவாடு நிறுத்துக் குடுத்தா இன்னைக்கு எனக்கு வீட்டுல சோறு இல்ல.”

“என் காசு, என் கருவாடு!”

“என் வீடு, என் சோறு,” என்றார் ஜமால்தீன். ஒரு பப்பாளியைப் பையில் போட்டு நீட்டினார். “இது என்னோட அன்பளிப்பு. சீக்கிரம் சொகமாகுங்க. இழுத்த பக்கத்த எண்ணெய் போட்டு உருவச் சொல்லுங்க.”

பப்பாளியோடு திரும்புவதைப் போன்ற அவமானம் ஆண்டியப்பனுக்கு அதுவரை வாய்த்ததில்லை.

சனிக்கிழமை அரை நாள் வேலை. அவர் லயத்துக்கு ஏறி வந்தபோது மலையிலிருந்து இறங்கியவர்கள் எல்லாரும் அவர் வீட்டில்தான் இருந்தார்கள். தோடம்பழம், மால்ட் டின், இளநீர். அவர் கட்டிலில் மூக்கன். கதிரையில் நாலாவது வீட்டுக்காரி. அவர் உள்ளே நுழைந்ததும், படுத்திருக்க வேண்டிய ஆள் நடந்து வருவதைப் பார்த்துக் கூட்டத்துக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

“பாத்து அண்ணே, படி இருக்கு,” என்றார் மூக்கன்.

“இந்தப் படிய போட்டதே நான்தான்.”

அலாரம் மணிக்கூடு அலறியது. யாரும் அசையவில்லை. இருபத்தைந்து நிமிஷம் முடிந்தது என்று அந்த மணி சொல்வது இவர்களில் யாருக்குத் தெரியும்? ஆண்டியப்பனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருப்பது அவருக்கே வியப்பாக இருந்தது.

“புள்ள எங்க?”

பேச்சியம்மா கண்ணால் பின்பக்கத்தைக் காட்டினாள்.

விறகுக் கொட்டிலுக்குள், ஒரு கட்டைமேல் ஜெயந்தினி உட்கார்ந்திருந்தாள். காதில் பஞ்சு. மடியில் பலகை, பலகைமேல் வெறும் தாள். எழுதிக்கொண்டிருந்தாள். பாடக் கொப்பி மூடியபடி கதவோரம் கிடந்தது. மணி அடித்தது அவளுக்குக் கேட்கவில்லை.

ஆண்டியப்பன் கொப்பியை எடுத்தார். தாளில் இருந்த தலைப்பை எட்டிப் பார்த்து, அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்தார். சிறுநீரகத்தைப் பற்றியது. பின்னால் நின்றபடியே, அவள் எழுத எழுத, கொப்பியோடு ஒப்பிட்டார். பெரட்டில் ஆள் சரிபார்த்த கண்ணுக்கு அது பெரிய வேலை இல்லை. ஒன்று, சரி. இரண்டு, சரி. ஏழு, எட்டு, ஒன்பது. பத்தாவதில் பேனா நின்றது. அவள் கொப்பியைத் தேடவில்லை. கூரையைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். ஆண்டியப்பனுக்குச் சொல்லிவிடலாம் போல நாக்குத் துடித்தது. பேனா மறுபடி ஓடியது. பத்தாவதும் வந்துவிட்டது.

ஒரு சத்தமும் இல்லை. ஒரு வரியும் தப்பவில்லை.

“ஜெயந்தினி!” மூக்கனின் குரல் பஞ்சையும் துளைத்தது. “எனக்கும் கொஞ்சம் பிரஷர் பாரும்மா! அந்தக் கமிட்டி விஷயத்துல ஏறியிருக்கும்!”

“வாறேன் மாமா,” என்று எழுந்தவள் அப்பாவைப் பார்த்துத் திடுக்கிட்டாள். கண் சிவந்திருந்தது. “காலையில இருந்து பதினோரு பேருக்குப் பாத்துட்டேம்பா. பாடத்துல ஒரு பகுதிதான் முடிஞ்சிருக்கு. இன்னும் ஆறு இருக்கு. கையெழுத்தும் இல்லாம நான் ஆறையும் படிச்சு என்ன செய்ய?”

ஆண்டியப்பன் வீட்டுக்குள் போனார். நடுவில் நின்றார். முதுகை நிமிர்த்தினார்.

“எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குப் போகலாம்! பெரட்டு கலைஞ்சிருச்சு! இங்க ஒரு புள்ள படிக்குது!”

மூக்கன் கட்டிலைவிட்டு எழுந்தார். “சத்தமே கேக்கலையே அண்ணே?”

“கேக்காது. அப்பிடித்தான் படிக்கணும். ஒனக்கென்ன தெரியும்?”

நாலாவது வீட்டுக்காரி போகும்போது மால்ட் டின்னைத் திரும்ப எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று யோசித்தாள். வைத்துவிட்டே போனாள். அது அவளுடைய நல்ல குணம்.

வீடு அடங்கியதும் ஆண்டியப்பன் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டினார்.

“கோப்பக் கொண்டா. சம்மதம்னு கையெழுத்து வைக்கிறதா இருந்தா விஷயம் சரியா இருக்கணும். வாரத்துல நாலு நாள் கருவாடுன்னு இருக்கு. மூணு நாள். வெள்ளிக்கெழம நான் சைவம்.”

“வெள்ளி போகத்தாம்பா நாலு.”

“நாலுதான்,” என்றாள் பேச்சியம்மா.

“ஓய்வு பெற்ற தொழிலாளின்னு போட்டிருக்க. கங்காணின்னு போடு.”

“கங்காணின்னு போட்டா யாருன்னு தெரிஞ்சுரும். ரகசியம் காக்கணும்ப்பா.”

பேச்சியம்மாவும் லோஜனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காலையில் பன்னிரண்டு வீட்டுக்கும் போன ரகசியம் அது. ஆண்டியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றி, வைத்துவிட்டு, கொப்பியின் கடைசி வரியைத் தொட்டார்.

“இத ஏன் அடிச்ச?”

“சொந்த உணர்ச்சிய எழுதக் கூடாதுன்னு மிஸ் சொல்லியிருக்காங்க.”

அடித்த கோட்டுக்குக் கீழே எழுத்து நன்றாகவே தெரிந்தது: 'இவர் மானத்துக்குப் பயப்படுகிற அளவுக்கு மரணத்துக்குப் பயப்படுவதில்லை. நான் பயப்படுகிறேன்.'

ஆண்டியப்பன் கையெழுத்து வைத்தார். முழுப் பெயரையும், முதலெழுத்தோடு, ஒரு புள்ளியும் விடாமல்.

பிறகு கையை நீட்டினார். ஜெயந்தினி பட்டியைக் கட்டி அளந்தாள். நூற்று எழுபத்திரண்டுக்கு நூறு. பேச்சியம்மா மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தாள். விழுங்கினார். யாரும் கேட்காமலே வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கியும் காட்டினார். ரோஜாச் செடிக்கு அன்று ஒன்றும் கிடைக்கவில்லை.

மணிக்கூட்டை மறுபடி முறுக்கி இருபத்தைந்துக்கு வைத்தவர் அவர்தான். ஜெயந்தினி கொப்பியோடு உட்கார்ந்து நாலு நிமிஷம்கூட ஆகவில்லை, லோஜனின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவன் முகம் வெளுத்தது.

“அப்பா, டயகம மாமா.”

“குடு இங்க.”

காதில் வைத்ததும் சின்னத்தம்பியின் குரல் தழுதழுத்தது. “தம்பி லோஜன், இப்பத்தான் விஷயம் கேள்விப்பட்டோம். தங்கச்சிய காலேஜ்ல இருந்து அனுப்பிட்டாங்கன்னு அப்பாவுக்கு மனசு விட்டுப்போயி, ஒரு பக்கம் இழுத்து, விடியக்காலமே போயிட்டாராம்ல? நேத்துப் பேசின மனுஷன். எப்ப எடுக்கிறீங்க தம்பி? நாங்க எத்தன மணி பஸ்ஸப் புடிக்கணும்?”

ஆண்டியப்பன் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். படிக்கிற பிள்ளைக்கு இடைஞ்சல் இல்லாமல், வாழ்நாளில் முதல் தடவையாகக் குரலைத் தணித்துப் பேசினார்.

“லோஜன் இல்லீங்க, ஆண்டியப்பன் பேசுறேன். எடுக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல, நான் உக்காந்திருக்கேன். ஒரு பக்கமும் இழுக்கல. மகள யாரும் அனுப்பல, பரீட்சைக்குப் படிக்க வந்திருக்கு, திங்கக்கெழம எழுதுது. எங்க பரம்பரையில தலைவலிகூட இல்லன்னு நான் சொன்னதுதான் பொய். எனக்கு பிரஷர் இருக்கு. நூத்தி எழுபத்திரண்டுக்கு நூறு. மாத்திர போட்டாச்சு. நாளைக்கு வாறதா இருந்தா வாங்க. சாப்பாட்டுல உப்பு கொறைவாத்தான் இருக்கும்.”